தீர்ந்துபோன ‘ன்’

புரூஃப் பார்க்கிற வேலையைச் சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஓர் எழுத்து விட்டுப்போனால் ஊருக்கே தெரியும். எந்த ஊரிலாவது அச்சாபீசில் குந்தி ஈயத் தூசி தின்றவராக நீங்கள் இருந்தால், இதற்குள் தலையாட்டியிருப்பீர்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சேர்ந்த சிவகாசி அச்சாபீசில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும்தான் ஓடும். அங்கே எஸ்தர் டீச்சர் விருதுநகரிலிருந்து ஒரு கதையோடு வந்தார். ஏழு வருஷமாக எழுதியது, பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு. ஒரு சைக்கிள் காணாமல் போகிறது. அதை மூன்று பேர், ஆளுக்கொரு அத்தியாயமாக, மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்: தொலைத்த வேலு, எடுத்துப் போய்விட்டு இல்லையென்று சாதிக்கும் கனகம், எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பட்டாசுக் கம்பெனிப் பெண் பாக்கியம். மூன்று பேருமே ‘நான்’ என்றுதான் பேசுவார்கள்.

படித்ததும் எனக்குக் கையும் காலும் நிலைகொள்ளவில்லை. எங்கள் தாத்தா கதை சொன்னால் நரிக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல். இந்த டீச்சர் அதை வெறும் காகிதத்தில் செய்திருந்தார். முதலாளியிடம் போய் நின்றேன், கெஞ்சினேன். கடைசியில் அவர் சொன்னார்: “ஆவணி பிறந்தா தீபாவளி லேபிள் சீசன். அதுக்குள்ள முடிச்சா பொஸ்தகம். முடியலையா, கோத்த எழுத்தைக் கலைச்சுட்டு, கதையை டீச்சர் கையிலயே குடுத்துரு.”

அழுத பிள்ளை

புரூஃப் பார்க்கும்போது ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சோடு ஒத்துப் பார்ப்பார். படிப்பது நான். என் குரலோ, பக்கத்து இலையில் இருப்பவரிடம் உப்புக் கேட்டால்கூட எட்டாது. எழுத்துக் கோத்த சுடலைமுத்து அண்ணாச்சி, மிஷின் சத்தத்துக்கு நடுவே காதில் கையை வைத்துக்கொண்டு, “ஏலே, இப்பத்தான் ‘என் சைக்கிள் போச்சே’ன்னு அழுதான். இப்ப ‘நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை’ங்கிறான். பய புத்தி சரியில்லாதவனா?” என்றார்.

அது வேலு இல்லை, கனகம் என்றேன். மறுபடி மறுபடி குழம்பினார். வேறு வழியில்லாமல் தாத்தா மாதிரி வேலுவுக்குக் கட்டைக் குரல், கனகத்துக்குக் கீச்சுக் குரல், பாக்கியத்துக்கு இழுத்துப் பேசும் குரல் என்று வைத்துக்கொண்டேன். என் தொண்டையிலிருந்து அம்புட்டுச் சத்தம் வந்தது எனக்கே புதிது. மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கனகம் தேம்பித் தேம்பிப் பொய் சொல்லும் இடத்தில் முதலாளி தலையை நீட்டினார்.

“யாருய்யா அது, ஆபீசுக்குள்ள பொம்பளப்பிள்ளைய அழ விட்டது?”

கீரிப்பிள்ளை மார்க்

கேட்பவர்களுக்குக் குரல் இருக்கிறது, படிக்கிறவர்களுக்கு? ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு படம் போட்டால் இன்னார் பேசுகிறார் என்று தெரிந்துவிடுமே என்று தோன்றியது. அலமாரியில் லேபிளுக்குப் படம் அடிக்கும் பிளாக்குகள் கிடந்தன. வேலுவுக்கு ஒரு காளை, பாக்கியத்துக்கு ஒரு பூ, கனகத்துக்கு ஒரு கீரிப்பிள்ளை. யாரிடமும் கேட்கவில்லை.

கீரிப்பிள்ளை மார்க் தீப்பெட்டிக்காரர் லேபிள் ஆர்டர் சொல்ல வந்தவர், மேசையில் கிடந்த புரூஃபைப் பார்த்துவிட்டார். வருஷம் முழுக்க ஆர்டர் தருகிறவர். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கதையும் போச்சு, வேலையும் போச்சு என்றாகிவிட்டது. தீப்பெட்டிக்காரரோ நின்றபடியே படித்தார். பக்கம் தீர்ந்ததும் அடுத்த பக்கம் கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“எங்க கீரிப்பிள்ளை பொய் சொல்லாது தம்பி. அந்தக் கனகத்துக்குப் பூவை வச்சிட்டு, கீரிப்பிள்ளைய நெசம் பேசுற புள்ளைகிட்டக் குடுங்க.”

மரியாதை

மாற்றினோம். ஆவணிக்கு இருபது நாள் இருக்கையில் சுடலைமுத்து அண்ணாச்சி வேலையை நிறுத்திவிட்டு, எழுத்துப் பெட்டியில் ஒரு குழியைத் தட்டிக் காட்டினார். காலி. ‘ன்’ குழி. நான், என், வந்தேன், பார்த்தேன், அழுதேன். மூன்று பேரும் தத்தம் கதையைத் தாங்களே சொன்னால் வரிக்கு வரி ‘ன்’தான். லேபிளுக்கு வாங்கின எழுத்தில் அது எம்புட்டு இருக்கும்?

எட்டுப் பக்கம் கோத்தால்தான் ஒரு ஃபாரம் மிஷின் ஏறும். அச்சடித்துக் கலைத்தால்தான் அடுத்ததுக்கு எழுத்து. ஆறாம் பக்கத்திலேயே ‘ன்’ தீர்ந்து நின்றுபோனது. மதுரையிலிருந்து புது எழுத்து வர ஒரு மாசமாகும் என்றார்கள். வேலுவையாவது ‘அவன்’ ஆக்கலாமா என்று கேட்டேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏலே, அவன் வந்தான்னாலும் ‘ன்’தானலே. பயலுக்கு மரியாதை குடுத்து ‘அவர் வந்தார்’னு எழுதச் சொல்லு. ‘ர்’ குமிஞ்சு கெடக்கு.”

டீச்சர் பெட்டியைப் பார்த்தார்

டீச்சர் பஸ் பிடித்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. “எழுத்து இல்லைன்னு என் பிள்ளைக வாயை அடைக்கச் சொல்றீகளா?” என்றார். அண்ணாச்சி பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்தார்.

கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்த எழுத்துகளை டீச்சர் ஒவ்வொரு குழியாக விரலால் துழாவினார். ஒரு குழியில் விரல் நின்றது. “இது என்ன எழுத்து, இம்புட்டுக் கெடக்கு?” ‘ம்’ என்றார் அண்ணாச்சி. டீச்சர் பிரதியைப் பிரித்து, பாக்கியத்தின் அத்தியாயத்தை எடுத்தார். உதடு மட்டும் அசைந்தது. ‘நான் பார்த்தேன்’ என்றிருந்ததை அடித்து, ‘நாங்கள் பார்த்தோம்’ என்று எழுதினார். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. வேகம் கூடிக்கொண்டே போனது. ‘ன்’ அத்தியாயங்களுக்கு நடுவே ஒரு ‘ம்’ அத்தியாயமும் வந்தால், ‘ன்’ தீராமலே எட்டுப் பக்கமும் நிறைந்துவிடும்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார், சின்னப்பிள்ளை மாதிரி. “பாக்கியம் என்னைக்குத் தனியா இருந்திருக்கா? கூட வேலை செய்யிற பிள்ளைக அத்தனையும் பார்த்திருக்கும்ல. ஏழு வருஷமா எனக்கு இது தோணலையே தம்பி.”

புதுப்பட்டி

ஆடி கடைசி நாள் கடைசி ஃபாரம் மிஷின் ஏறியது. சூடு ஆறாத புத்தகக் கட்டு ஒன்றை டீச்சர் சொன்னபடி எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரம். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று உரக்கப் படிக்க, மற்றதெல்லாம் தூக்குச்சட்டியை மறந்து கேட்டது. வேலு பக்கம் பாதி, கனகம் பக்கம் பாதி. “அவ எடுக்கலடி”, “நீ பாத்தியாக்கும்” என்று ஒரே சண்டை. பாக்கியத்தின் கீரிப்பிள்ளைப் படம் வந்தது. ‘நாங்கள் பார்த்தோம்’ என்று அவள் படித்ததும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

அத்தியாயம் முடிந்ததும் கந்தகம் படிந்த கையால் அந்தக் கீரிப்பிள்ளையைத் தடவிக்கொண்டே ஒருத்தி கேட்டாள்: “அண்ணே, இது நாங்கதான? டீச்சர் எங்களை எப்ப வந்து பாத்தாக?”

“பெட்டியில் இன்னும் ஒரு கை ‘ன்’ இருந்திருந்தால் நீங்கள் இந்தக் கதையிலேயே இருந்திருக்க மாட்டீர்கள்” என்று நானும் அவர்களிடம் சொல்லத்தான் செய்தேன், ஆனால் என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே.