நெல் களத்தில் மீட்ட வீடு

போன வாரம் பருப்பு கடைந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் போனில் அழைத்தாள். "மேடம், உங்களுக்கு அஞ்சு லட்சம் லோன் ரெடியா இருக்கு. டாக்குமெண்டே வேணாம்" என்றாள். வேண்டாம் என்றதும் அவளுக்கு வருத்தமாகிவிட்டது. "ஏன் மேடம், வீடு ரிப்பேர் எதுவும் இல்லையா?" என்று கேட்டாள். எப்படியாவது என் கூரையில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுபோல் இருந்தது. போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் நெல் வேகும் வாசம் வந்துவிட்டது. குக்கரில் அரிசிகூட வைத்திருக்கவில்லை. எனக்குக் கடன் என்றாலே அந்த வாசம்தான்.

எங்கள் வீட்டை அடமானம் வாங்கியவர் வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வைத்திருந்தார். வட்டி கட்டப் போனால் புழுங்கல் நெல்லின் ஆவிக்குள் நுழைந்துதான் அவர் மேசைக்குப் போக வேண்டும். நல்ல மனிதர்தான். குரல் உயராது, போனவுடன் மோர் கொடுக்கச் சொல்வார். அந்த மோருக்கும் சேர்த்துத்தான் வட்டி என்று அப்பா சொல்வார்.

அடமானம் வைத்தது ஒரு லோடு ஆட்டோ வாங்க. ஒரகடம் பக்கம் வேலி போட்டு, பலகை நட்டு, கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த நேரம். "பாத்துக்கினே இரு, லோடு கொட்டப் போவுது" என்றார் அப்பா. லோடு கொட்டத்தான் செய்தது. ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டைக் கோயிலுக்கு நடந்து போன கூட்டத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓட, அப்பா வண்டியை ஒடித்தார். வண்டி கவிழ்ந்து செங்கல் லோடு மொத்தமும் கொட்டியது, அவர் மேலேயே. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. அப்பாவின் இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வண்டி போனது. வண்டிக்காக வாங்கிய கடன் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது.

நான் பிளஸ் டூ முடித்த கையோடு, கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். லைனில் நின்றபடியே கறுப்பு டேப் சுற்றும் வேலை. தூக்கத்தில்கூட என் விரல்கள் போர்வையைச் சுற்றுவதாக அம்மா சொல்வாள். சம்பளக் கவரை அப்பாவிடம் நீட்டினால் வாங்க மாட்டார். "உங்கம்மாகிட்ட குடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தக் கவரைப் பிரித்தால் முதல் பங்கு ரைஸ்மில்லுக்கு. மிச்சத்தில் அப்பாவின் மாத்திரை. அசல் அசையவே இல்லை.

அம்மாதான் முன்னறையைக் காலி செய்து வாடகைக்கு விட்டாள். தெற்கேயிருந்து வேலைக்கு வந்த மூன்று பையன்கள் தகரப் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். சாப்பாடும் எங்கள் வீட்டிலேயே. அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிதான் வாயாடி. முதல் நாளே அம்மாவிடம், "யக்கா, கொழம்புல ஒறப்பே இல்லயே" என்றான்.

"ஒறப்பா? அப்டினா இன்னாடா?"

"காரம்க்கா, காரம்."

மறுநாள் அம்மா போட்ட மிளகாய்த் தூளில் நான் ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் ஆறாகி, பக்கத்து வீடுகளில் தங்கியிருந்த பையன்களும் தட்டோடு வர, வீடே மெஸ்ஸாகிவிட்டது. எழுந்து நிற்க முடியாத அப்பா உட்கார்ந்த இடத்திலேயே வெங்காயம் அரிந்தார். கண்ணில் நீர் வடிந்தாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அது அவருக்கு வசதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கு நடுவில் மணிமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை. நகைக்கு எங்கே போவது? லைனில் வேலை செய்த பெண்களோடு சேர்ந்து நான் போட்டிருந்த சீட்டுப் பணம் கைக்கு வரும் நேரம் அது. அதை மெஸ் பணத்தோடு சேர்த்தால் அசலைக் கிட்டத்தட்ட அடைத்துவிடலாம். நகை வாங்கினால் நகை மட்டும்தான். அம்மா இரண்டு நாள் இரண்டு கணக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். நானே சொன்னேன்: "முதல்ல வூட்ட மீட்டுடலாம்மா." பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாப்பிள்ளையின் மீசை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த இடம் தவறிய பிறகு, அம்மா பார்க்காதபோது கொஞ்சம் அழுதேன் என்பதும் உண்மை.

அப்படியும் கொஞ்சம் குறைந்தது. இசக்கிதான் பேச்சை எடுத்தான். "ஊருக்குப் பணம் அனுப்புறத ஒரு மாசம் தள்ளிப் போடுதோம்க்கா. சாப்பாட்டுல கழிச்சிக்கிடுங்க." பையன்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள்.

பணம் சேர்ந்தது. ஆனால் மில்காரர் வாங்க மாட்டேன் என்றார்.

நேராகச் சொல்லவில்லை. "பத்திரம் மெட்ராஸ்ல பையன்கிட்ட மாட்டிக்கிச்சும்மா, வரட்டும்" என்றார். அடுத்த மாதமும் அதே மோர், அதே பதில். இதற்குள் எங்கள் பக்கம் வெள்ளைச் சட்டை புரோக்கர்கள் பைக்கில் வந்து போக ஆரம்பித்திருந்தார்கள். ரோடு அகலமாகப் போகிறதாம். ரோட்டோரம் இருந்த எங்கள் வீட்டின் ஒவ்வொரு அடிக்கும் விலை வந்துவிட்டது. மூன்றாவது முறை அவர், "இன்னாத்துக்கும்மா கஷ்டப்படறீங்க? மேல கொஞ்சம் போட்டுத் தரேன், வூட்ட எனக்கே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அம்மா பணத்தைத் திரும்பக் கூடையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் என்னை லீவு போடச் சொன்னாள். அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடுமே என்று முனகிக்கொண்டே போனேன். மில்காரர் வழக்கமான பதிலைச் சொன்னதும், அம்மா பணம் இருந்த ஒயர் கூடையை என் மடியில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, நெல் காய்ந்துகொண்டிருந்த சிமெண்டுக் களத்தில் இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு களத்தில் கூலி வேலை செய்தவள்தான். புடவையைச் செருகிக்கொண்டு, காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிண்டிவிட ஆரம்பித்தாள்.

களத்துப் பெண்கள் திகைத்தார்கள். "இன்னாமே, யாரு நீ?"

"கடன் கட்ட வந்தேன். ஐயா வாங்க மாட்டேங்கிறாரு. அவரு வாங்கற வரிக்கும் சும்மா குந்திக்கினு இருப்பானேன்?"

ஒரு சிரிப்பு எழுந்து களத்தின் மறுகோடிவரை போனது. மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் கேட்டார், அவருக்கும் அதே பதில். அரிசி வாங்க வந்த வியாபாரிகளுக்கும் அதே பதில். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடையை இறுக்கிப் பிடித்தபடி, யாராவது கம்பெனித் தோழிகள் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் போனோம். உச்சி வெயிலில் மில்லுக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மில்காரரின் மனைவி வந்தார்.

"பத்திரம் நம்ம பீரோலதானே இருக்கு? எடுத்துக் குடுங்க. ஊரே சிரிக்குது."

மில்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். கடனுக்கு அப்பா எழுதிக் கொடுத்திருந்த புரோநோட்டை அம்மா கண் முன்னாலேயே கிழித்தார். கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு பை அரிசி நீட்டினார். நான் வேண்டாம் என்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள். "கூலிதானேடி" என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மாவின் பாதம் கொப்புளமாகக் கிடந்தது. அப்பா அதைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினார். "நான் போயிருக்கணும்மே" என்றார்.

"நீ போயிருந்தா சண்ட போட்டுட்டு வந்திருப்ப. விடு."

பையன்களின் பணத்தை அம்மா சாப்பாட்டில் கழித்துக்கொண்டே வந்தாள். இசக்கிக்குப் பாதிகூடக் கழியவில்லை. கம்பெனியில் அவனுடைய காண்டிராக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். "வாரக் கடைசில பணம் வரும், இருடா" என்று அம்மா கெஞ்சினாள். "கெடக்கட்டும்க்கா, பொறவு வந்து சாப்பிட்டுக்கிடுதேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். அப்போது அவனிடமும் போன் இல்லை, எங்களிடமும் இல்லை. ஊர்ப் பெயரைச் சரியாகக் கேட்டு வைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு ரோடு நிஜமாகவே வந்தது. வீடு முழுதும் அதற்குள் போனது. இழப்பீட்டுப் பணம் அப்பாவின் பெயருக்கு வந்தது. அதில்தான் படப்பையில் இப்போதிருக்கும் இடத்தை வாங்கினோம். அதனால் வீடு போன துக்கம் எனக்குப் பெரிதாக இல்லை. அம்மாவுக்கும் இல்லை.

அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். எங்கள் வாசல் எது, முன்னறை எது என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளமும் இல்லை. கண்டெய்னர் லாரிகள் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

"அந்த இசக்கிப் புள்ள சாப்பிட வந்திருந்தா," என்பாள், "யார்கிட்டடி கேட்டிருப்பான்?"