முப்பத்தெட்டாம் எலியின் வயிற்றில்

நீகாட்டாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் குவாபாரா ஹத்சுயேவுக்குத் தையல் வேலை. துணியில் அல்ல, எலியின் ரத்தக்குழாயில். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ஓர் எலியின் கணையத்தை இன்னோர் எலியின் வயிற்றில் பொருத்துவாள். அரை மணிக்குள் முடிக்க வேண்டும். டாக்டர்களே தடுமாறுவார்கள், அவள் தடுமாறமாட்டாள். கூண்டு கழுவுகிற எனக்கே பொறாமையாக இருக்கும்.

கணையம் கொடுக்கிற எலி மேசையிலேயே செத்துவிடும். அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. வீட்டில் பாய்க்கு அடியில் ஏதோ பிறாண்டுகிறது, புரட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை என்பாள். பொறி வைக்க வேண்டியதுதானே என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கணையம் குடுத்தது முழுசா சாகல. முப்பத்தெட்டாம் நம்பர் வயித்துல இன்னும் வேலை செஞ்சுக்கிட்டிருக்கு. அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

முப்பத்தெட்டு, நாங்கள் மருந்து போட்டுச் சர்க்கரை நோய் வரவழைத்த எலி. கணையம் வைத்த பிறகு சர்க்கரை இறங்கி, நூறு நாள் ஏறவேயில்லை. ஆய்வை நடத்தும் டாக்டர் ஷிரகாவாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நூறாம் நாள், வைத்ததை வெட்டி எடுத்துப் பார்ப்பது வழக்கம். சர்க்கரை திரும்ப ஏறினால், அதுவரை காப்பாற்றியது அந்தக் கணையம்தான் என்று அர்த்தம்.

அவளேதான் திறந்தாள். உள்ளே சுண்டிப்போன வெள்ளை நார் ஒன்றுதான் இருந்தது. வைத்த கணையம் என்றைக்கோ செத்திருந்தது. அதை எடுத்த பிறகும் சர்க்கரை ஏறவில்லை. எலி தன் சொந்தக் கணையத்தாலேயே தேறியிருக்கிறது.

நோய் வரவழைக்கிற மருந்தை எப்போது கலக்கினாய் என்று டாக்டர் கேட்டார். கலக்கிய கையோடு ஊசி போடாவிட்டால் அதன் வீரியம் போய்விடும், எலியின் கணையம் முழுதாகக் கெடாது. அவள் மறைக்கவில்லை. கலக்கி முடித்தபோது கூப்பிட்டார்களாம். ஆய்வில் இறந்த விலங்குகளுக்காக வருடம் ஒருமுறை நினைவுக்கல்லுக்கு முன் சாமந்தி வைத்துக் கும்பிடுகிற நாள் அது. திரும்பிவர ஒரு மணி நேரமாகிவிட்டது. அதே மருந்தைத்தான் போட்டிருக்கிறாள். டாக்டர் பெருமூச்சு விட்டு அந்த எலியை ஆய்வுக் கணக்கிலிருந்து நீக்கினார்.

கூண்டறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"செத்ததுங்க கிட்டயெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நின்னேன் பாருங்க. அந்த ஒரு மணி நேரத்தாலதான், கணையம் குடுத்த இன்னொண்ண வீணா சாகடிச்சிருக்கேன்."