சம்பூர்ணம் போட்ட எட்டு

"இரு தம்பி, பெருங்காயம் போட்டுட்டு வரேன்" என்று சொல்லி, செல்போனில் ஓடும் யூடியூப் வீடியோவை நிறுத்துகிறார் சம்பூர்ணம். சாம்பாரைக் கிளறிவிட்டு, கையைத் துடைத்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "ம், சொல்லு" என்று திரையைத் தொடுகிறார். தொப்பி போட்ட பையன் ஒருவன் விட்ட இடத்திலிருந்து ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறான். அவன் எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ! இவருக்கு அவன் எதிரில் உட்கார்ந்திருக்கிற வாத்தியார்.

வேப்பந்தட்டைப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் பதினெட்டு வருடமாகச் சத்துணவு சமைக்கிறவர். வயது நாற்பத்தொன்பது. போன ஆடியில் அமைப்பாளராகப் பதவி உயர்வு வந்தது, மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்கு. ஏழு கிலோமீட்டர், பஸ் கிடையாது. தீபாவளிக்குள் போய்ச் சேராவிட்டால் பதவி வேறு ஆளுக்கு. இந்த வயதில் எதற்கு வம்பு, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். சம்பூர்ணமோ, நர்ஸ் வேலைக்குத் திருச்சி போன மகள் நந்தினி விட்டுச் சென்ற பழைய ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்தினார். வீடியோ பார்க்கும் போனும் மகள் விட்டுச் சென்றதுதான்.

சமையல்கட்டில் கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஹேண்டில்பாராகப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். பள்ளி விட்டதும் வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்துக் களத்தில் கோலமாவால் எட்டு போடுவார். வெறும் எட்டாக விட மனம் வருமா? இரண்டு வளையத்துக்குள்ளும் ஒவ்வொரு தாமரை. "பூ மேல ஏத்த மனசு வரலைங்க டீச்சர்" என்று கோட்டை ஒட்டியே சுற்றுவார். ஆனால் என்ன வேகம்! கோழிகள் கூரையேறிவிடும். மெதுவாகப் போங்கள் என்றால், தம்பி அப்படித்தான் போகிறது என்பார்.

பெரம்பலூரில் லைசென்ஸ் தேர்வு அன்று, ஸ்கூட்டரை வெங்காய வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நானும் கூட பஸ்ஸில் போனேன். முதல் வளைவைப் பறந்து கடந்தவர், இரண்டாவதில் திரும்ப முடியாமல் நேரே பிரேக் இன்ஸ்பெக்டரை நோக்கிப் போனார். மனுஷன் துள்ளி ஒதுங்கினார்.

"என்னம்மா, யாராச்சும் துரத்துறாங்களா? அடுத்த வாரம் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் சம்பூர்ணம் முன்சீட்டுக் கம்பியை ஹேண்டில்பாராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தான் அந்தப் பையன் என்று போனை வாங்கிப் பார்த்தேன். அடப் பாவமே! வீடியோ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நந்தினி படித்த காலத்தில் பரீட்சை அவசரத்தில் பாடம் பார்க்க வைத்தது; அப்படியே கிடந்திருக்கிறது. சரியான வேகத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். பையன் பேச ஆரம்பித்ததும் சம்பூர்ணம் பதறிப்போனார்.

"என்னங்க டீச்சர், தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா? இழுத்து இழுத்துப் பேசுது."

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. புரிந்ததும் அவரும் சிரித்தார், ஊர் வந்து இறங்கும்வரை சிரித்தார்.

அந்த வாரம் களத்தில் கோழிகள் நிம்மதியாக மேய்ந்தன. அடுத்த தேர்வில் சம்பூர்ணம் தரையில் பூ இருப்பதுபோலவே நிதானமாகச் சுற்றி, கால் ஊன்றாமல் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் இந்த முறை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு லைசென்ஸ் கார்டு தபாலில் வந்தது. முதலில் நந்தினிக்குத்தான் போன் போடுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்தார், முந்தானையைச் சரிசெய்தார், அண்டாமேல் உட்கார்ந்து வீடியோவைப் போட்டார். தொப்பிக்காரப் பையன் திரையில் வந்ததும், அவன் முகத்துக்கு நேரே கார்டைப் பிடித்தார்.

"தெரியுதா தம்பி?"

பிறகு, பளபளப்பில் அவனுக்குக் கண் கூசுமோ என்று, கார்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.