நீலக் கிட்டாரும் ஜெப எண்ணெயும்

போன டிசம்பர் மாதம், ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, உடம்பும் சிலிர்க்கிறது.

வேலைக்குப் போகும் என் மகள் சபையின் பாட்டுக் குழுவில் இருக்கிறாள். ஆன்லைனில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் வரவழைத்தாள். பெட்டியைத் திறந்தால் உடம்பு தனி, கழுத்து தனி, கம்பி தனி. மரத்தில் வண்ணமே இல்லை.

"நாமே கலர் ஏத்தி நாமே மாட்டணும்மா. கிறிஸ்துமஸ் ஆராதனைல இதைத்தான் வாசிக்கப் போறேன்" என்றாள். முதல் தடவையாக எல்லார் முன்னாலும் வாசிக்கப் போகிறாள்!

நான் எட்டாவதோடு நின்றவள். கிட்டாரைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் உப்புத்தாளைக் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னதும் அவளுடைய ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது. சமையல் முடிந்ததும் மாடிக்கு ஓடுவேன். தேய்க்கத் தேய்க்க, பழகிய தோசைக்கல் மாதிரி மரம் வழவழவென்று ஆனது.

"வூட்டுப் பாத்திரத்தை ஒரு நாளாவது இப்படித் தேச்சிருக்கியா?" என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

அந்த வாரம் வீட்டு ஜெபத்துக்குப் பாஸ்டர் வந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் பெருமையாக அந்த மரத்தை எடுத்து வந்து நீட்டினேன். அவர் ஜெபித்து, கட்டைவிரலால் ஜெப எண்ணெயைத் தொட்டு நடுவில் ஒரு சிலுவை போட்டார். "நல்லா வைங்க பாஸ்டர்" என்று நான்தான் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னேன். பிறகு பழைய புடவையில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மழை விட்டு வெயில் வந்தது. மகள் அவசர அவசரமாக நீலச் சாயத்தைக் கலக்கி, பனியன் துணியில் தொட்டு இழுத்தாள். மரத்தின் ரேகைகளெல்லாம் அலை அலையாக எழும்பின. கோவளத்துக் கடலேதான்! அந்த நீலத்துக்கு நடுவில் வெளிறிப்போய் ஒரு சிலுவை தெரிந்தது.

"ஸ்தோத்திரம்! அற்புதம்!" என்று கத்திவிட்டேன். கீழ் வீட்டுப் பெண் கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்றவள், பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமியே வந்து கீதுக்கா!"

மகள் மட்டும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "அம்மா, இதுல யாராவது எண்ணெய் தடவுனீங்களா?"

சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எண்ணெய் பட்ட எடத்துல கலர் ஏறாதும்மா."

"அப்ப இது சாமி வேலை இல்லியா, எண்ணெ வேலையா?" என்று கேட்டுவிட்டு, கீழ் வீட்டுப் பெண் கரண்டியோடு இறங்கிப் போய்விட்டாள்.

தின்னரால் துடைத்து, முன்பக்கம் முழுவதும் திரும்பத் தேய்த்தால் சரியாகிவிடுமாம். ஆனால் என் முகத்தைப் பார்த்த மகள், "பரவால்லம்மா, இருக்கட்டும்" என்றாள். அவள் கண் மட்டும் அந்த நீலத்தை விட்டு நகரவில்லை. எத்தனை நாள் ஆசை!

சிலுவையை எந்தக் கையால் அழிப்பது? ஆண்டவரே, வழி காட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் இவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபிப்போம். தேறியதும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டத்தானே செய்தேன்? எண்ணெய் போனது. சுகம் போகவில்லையே!

"தின்னர் எங்கடி?" என்று கேட்டு உப்புத்தாளை எடுத்தேன். அவள் சாயக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். என் நைட்டியில் அந்த நீலம் இன்றும் இருக்கிறது.

இந்த முறை நீலம் முழுசாக ஏறியது. மழை விட்ட நேரமெல்லாம் பார்த்து மேலே கிளியர் வார்னிஷ் அடித்து, பளபளவென்று காய வைத்து, கம்பி மாட்டினோம். ஸ்பீக்கரில் இணைத்து முதல் தடவை அவள் மீட்டியபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று அவள் வாசித்து முடித்ததும் பாஸ்டர் அருகில் வந்து பார்த்தார். "நான் எண்ணெய் வச்ச எடம் எதும்மா?"

"உள்ள போயிடுச்சு பாஸ்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அந்த இடத்தை இன்று என்னாலேயே காட்ட முடியாது. ஆனால் அவள் கம்பியைத் தொடும்போதெல்லாம், அன்று செய்த ஜெபம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று என் காதுக்குத் தெரிகிறது.