அசையாத 860

ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனிக்கிறேன். ஒரே சர்வருக்குள் நான்கு வி.எம்.கள், நான்கு தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓடுகின்றன. ஒரு துறைக்கு மெமரி கூட்டினால் அடுத்த துறைத் தலைவரும் வந்து நிற்பார். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தேன். சர்வர் இயங்க அதற்கும் மெமரி வேண்டும் என்பதை மறந்தேன்.

சென்ற மாதம் ஒரு பகலில் மெமரி தீர்ந்துபோனது. உடனே சர்வர் தன்னைக் காத்துக்கொள்ள, இருப்பதிலேயே பெரிய வி.எம்.மை நிறுத்திவிட்டது. உதிரிபாகங்களைச் சூடேற்றும் உலையான ஃபர்னஸின் சூட்டைப் பார்த்து கேஸைக் கூட்டிக் குறைப்பது அந்த வி.எம்.தான். கேஸ் திறந்தபடியே எரிய, திரையில் மட்டும் கடைசியாக வந்த சூடு, 860 டிகிரி, அப்படியே நின்றது.

ஆபரேட்டர் முனியப்பா போன் செய்தார். "சார், அரை மணியா நம்பர் அசையவே இல்ல. ஃபர்னஸ்னா ஒன்னு ரெண்டு ஏறி எறங்கிட்டே இருக்கணுமே? எதுக்கும் ஆஃப் பண்ணிட்டேன்."

ஓடிப்போய் ஃபர்னஸிலேயே இருக்கும் மீட்டரைப் பார்த்தேன். 970. முனியப்பா டீ கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

இப்போது சர்வரின் பங்கை எடுத்துவைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. துறைத் தலைவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தினமும் காலையில் ஃபர்னஸ் திரைமுன் போய் நிற்கிறேன். 860 என்பது 861 ஆன பிறகே என் இடத்துக்குப் போகிறேன்.