பிரிண்டரில் மட்டும் மிஞ்சியிருந்த எழுத்துரு

மலேசியாவில், செனாய் ஊர்த் தொழிற்சாலையில் கணினி, பிரிண்டர், எது மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி அடிக்கடி கூப்பிட்டவள்தான் பிறகு என் மனைவியானாள்.

அவள் தொழிலாளர்களுக்கான தமிழ் அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து ஒட்டுவாள். அவள் வைத்திருந்த எழுத்துரு அரதப்பழசு. திரையில் ஒழுங்காகத் தெரியும். அலுவலகத்துக்கே பொதுவான பிரிண்டருக்கு அனுப்பினால் கண்ட கண்ட ஆங்கில எழுத்துகளாக வந்து விழும்.

"அலமாக்! பேய் புடிச்ச மாதிரி அடிக்குதுங்க, வந்து பாருங்க லா," என்று மலாய் கலந்து அலறுவாள்.

கடைசியில் அந்த எழுத்துருவைப் பிரிண்டரின் நினைவகத்திலேயே ஏற்றிவிட்டேன். அதன்பின் தமிழ் தமிழாகவே வந்தது. தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கத்தான் சோம்பல். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. இரண்டு வருடமாகிறது. அவளுடைய கணினியை மாற்றியபோது எழுத்துருவும் தொலைந்தது. அவள் கோப்புகளை என் திரையில் திறந்தால் ஒரு வரியும் புரியாது. அந்தப் பிரிண்டர் மட்டும்தான் அவற்றைத் தமிழில் அச்சிடும்.

போன மாதம் பிரிண்டரின் வாடகைக் காலம் முடிந்தது. திருப்பிக் கொடுக்குமுன் நினைவகத்தை முழுசாக அழிக்க வேண்டும். அது என் வேலை. அழித்தால் எழுத்துருவும் போய்விடும்.

அன்று காலையிலிருந்து அவள் கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பினேன். கையுறை போடவும். தட்டைக் கழுவி வைக்கவும். தீபாவளிக்கு இரண்டு நாள் விடுமுறை. எனக்கென்று ஒரு வரி இருக்காதா என்று தவித்தேன். எல்லாம் ஊருக்குத்தான். அவள் மேல் கோபம்கூட வந்தது. ஒரே ஒரு தடவை அவள் பேசிக் கேட்டால் போதும் போலிருந்தது.

பிரிண்டரை ஏற்றிப்போகக் கூலாய் ஊரிலிருந்து வந்த லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, லாரி காத்துக்கிட்டு இருக்கு லா."

"ஓடியா போயிடும்? நிக்கட்டும்யா!" என்று எரிந்து விழுந்தேன்.

கடைசிக் கோப்பு வந்தது.

"கணினி அறைக்கு வர யாரும் பயப்பட வேண்டாம். அவர் கத்துவார், ஆனால் செய்து கொடுத்துவிடுவார். மனசு தங்கம். ரொம்பத் திட்டினால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்."

இதை அவள் ஒட்டவே இல்லை. பார்த்தால் நான் குதிப்பேன் என்று விட்டிருப்பாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். லாரிக்காரர் வெளியே போய் நின்றார். பிறகு எழுந்து நினைவகத்தை அழித்தேன், ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறிவிப்பை என் அறைக் கதவில் ஒட்டினேன். மறுநாள், பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி அதைப் படித்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அண்ணே, திட்டினா வந்து சொல்லுங்கன்னு போட்டிருக்கே, யாருகிட்ட சொல்லணும்?"

"என் சம்சாரத்துகிட்டம்மா."

"சரிண்ணே. அவங்க எங்க இருப்பாங்க?"