மெஷின் அனுப்பிய குளிசை

மருதனார்மடச் சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்த மார்க்கண்டருக்கு எழுத்து வேலை என்றாலே வேப்பங்காய். எந்த மருந்து முடிந்தது, எது வேண்டும் என்று மாதாமாதம் கொழும்புக்கு ஓடர் எழுதும்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எரிந்து விழுவார். எண்பத்து நாலில் கொழும்புக் கம்பனி கொம்பியூட்டர் வாங்கி, இனி ஓடரே எழுத வேண்டாம் என்றதும் மனுசன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

போன வருடம் ஒரு கடை எந்த மாதம் எதை எவ்வளவு வாங்கியது என்று மெஷினுக்குத் தெரியும். அதைப் பார்த்துப் பெட்டி கட்டச் சொல்லும். திருப்பி வராததெல்லாம் விற்றுப்போனதாக எடுத்துக்கொள்ளும்.

அடுத்த மாசியில் அவருடைய தங்கை பத்மாசினியின் புருசன் செல்வநாயகம் கொழும்புக்கு பஸ் ஏறினான். பஸ் போய்ச் சேர்ந்தது, அவன் சேரவில்லை. வழியில் யாரோ இறக்கினார்கள் என்றார் ஒருவர். அவன் ஏறவேயில்லை என்றார் இன்னொருவர். தேடாத இடமில்லை.

செல்வநாயகத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அதற்கான குளிசையை அந்தக் கடையில் வாங்குகிறவன் அவன் ஒருவன்தான். பங்குனிப் பெட்டியைப் பிரித்தபோது வைக்கோலுக்குள் அந்தப் போத்தல் இருந்தது.

கடைக்கு வந்திருந்த பத்மாசினி அதை எடுத்துப் பார்த்தாள்.

"அவர் இல்லையெண்டால் ஏன் அண்ணை அனுப்புறாங்கள்?"

மெஷினைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தார். அவளுடைய நெற்றிக் குங்குமத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார். "கடையிலையே இருக்கட்டும், வந்தால் கேப்பார்," என்றுவிட்டுப் போனாள்.

ஒரு போத்தலைத் திருப்பி அனுப்பினால் போதும், எல்லாம் நின்றுவிடும். அதற்கு அவருக்குக் கை வரவில்லை. அலுமாரியில் போத்தல்கள் சேர்ந்தன. கார்த்திகையில் இரண்டாக வந்தன. முந்திய வருடம் மழைக்காலத்தில் வலிப்புக் கூடி, டொக்டர் குளிசையையும் கூட்டியிருந்தார். மார்க்கண்டரே மறந்துபோன விசயம் அது.

"மழை துடங்கிட்டுதெல்லே, அவருக்கு இப்ப கூடத்தான் வேணும்," என்றாள் பத்மாசினி, பக்கத்து அறையில் அவன் படுத்திருக்கிற மாதிரி.

தை மாதப் பெட்டியில் அந்தப் போத்தல் இல்லை. வைக்கோலை இரண்டு தரம் கொட்டிப் பார்த்துவிட்டுக் கம்பனிக்குப் போன் எடுத்தார். மெஷினைப் பார்க்கும் சூசைதாசன் கதைத்தான்.

"நீங்கள்தானே ஐயா நிப்பாட்டச் சொன்னது?"

"நான் சொல்லேல்லை."

"உங்கடை கடையிலை இருந்து எண்டுதான் ஒருத்தர் போன் எடுத்தவர். அந்தக் குளிசை தனக்கு இனித் தேவையில்லையாம். வலிப்பு வாறேல்லை எண்டு மெதுவாச் சொன்னவர். பின்னாலை அலை இரைஞ்சுகொண்டு கிடந்தது. உங்கடை கடை கடற்கரையிலையோ?"

மருதனார்மடத்தில் கடல் ஏது. மார்க்கண்டர் போனை வைத்தார். அவன் எங்கோ சுகமாக இருக்கிறான் என்று நினைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. சுகமானவன் வீட்டுக்கல்லவா வந்திருப்பான்?

பத்மாசினி வருகிற நேரமாகிவிட்டது. அலுமாரியிலிருந்து ஒரு பழைய போத்தலை எடுத்துத் தூசி துடைத்து, பெட்டி வைக்கோலுக்குள் செருகினார்.

"வந்திட்டுதோ அண்ணை?"

"ஓம் பிள்ளை, வந்திட்டுது."

அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் மெஷினின் வேலையை அவரே செய்தார். தங்கையிடம் சொல்லும் பொய் அவரை உறுத்தவில்லை. வேறொரு பயம்தான் பிடித்துக்கொண்டது. நான் வேண்டாம் என்றதை ஏன் மச்சான் இன்னும் வைக்கிறாய் என்று அந்தக் குரல் கேட்டால் என்ன சொல்வது? கடையில் போன் அடித்தால் மார்க்கண்டர் பிறகு எடுத்ததேயில்லை.